“குட்பை”யில் இருந்த கடவுள் எங்கே போனார்?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு சின்னச் சொல். அதுவும் நம் பாஷைச் சொல் அல்ல, இங்கிலீஷ் சொல். “குட்பை” என்பதுதான் அது. ஒருவரை விட்டு ஒருவர் பிரிந்து போகிறபோது சொல்லுகிற சொல். இங்கிலீஷில் ஒரு எழுத்துகூடத் தெரியாத கிராமத்துப் பாட்டியும் பேரன் பஸ் ஏறினால் கையை ஆட்டி “பை, பை” என்கிறாள். டெலிபோனில் பேசி முடிக்கிற கடைக்காரரும் “பை” என்று சொல்லித்தான் வைக்கிறார். ஆகவே அதை இனி அந்நியச் சொல் என்று தள்ளிவிட முடியாது.

“ஜாதி ஒழியவில்லை, மூடநம்பிக்கை ஒழியவில்லை, அதையெல்லாம் விட்டுவிட்டு இங்கிலீஷ் சொல்லுக்கு அர்த்தம் சொல்லவா இந்தக் கூட்டம்?” என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. ஆஸ்திகர்கள் சிலர் நம்மைப் பார்த்து, “குட்பை என்றால் ‘கடவுள் உன்னோடு இருக்கட்டும்’ என்று அர்த்தம். கடவுள் இல்லை என்று மேடையில் கத்துகிற நீங்கள் கீழே இறங்கினவுடன் தினம் பத்துத் தடவை கடவுளைக் கூப்பிடுகிறீர்களே!” என்று பரிகாசம் செய்கிறார்கள். இதைக் கேட்ட நம் வாலிபத் தோழர்கள் சிலர், “அப்படியானால் அந்தச் சொல்லையே நாம் விட்டுவிட வேண்டாமா?” என்று கவலைப்படுகிறார்கள். பரிகாசம் செய்கிறவர்களும் சரி, கவலைப்படுகிறவர்களும் சரி, சொல் என்பது இன்னது என்று யோசித்துப் பார்க்கவில்லை என்றே நாம் சொல்லுவோம்.

முதலில் உண்மையை ஒப்புக்கொள்ளுவோம். ஆஸ்திகர் சொல்லுகிற பூர்வோத்தரம் சரிதான். “காட் பி வித் யீ” என்ற நான்கு சொற்கள் தேய்ந்துதான் “குட்பை” ஆயிற்று. “காட்” என்றால் கடவுள், “பி” என்றால் இருக்கட்டும், “வித்” என்றால் கூட, “யீ” என்றால் நீங்கள். “கடவுள் உங்களோடு இருக்கட்டும்” என்பது முழு வாக்கியம். இந்த நான்கு சொற்களும் ஒன்றாகச் சுருங்கி எழுத்தில் வந்ததற்குக் கிடைத்திருக்கிற பழைய சாட்சி 1573-ம் வருஷத்தது. கேம்பிரிட்ஜில் படித்த கேப்ரியல் ஹார்வி என்ற பண்டிதர் எழுதிய ஒரு கடிதத்தில் அது இருக்கிறது. அதிலும் அவர் அதைப் பக்தியோடு எழுதவில்லை, வேடிக்கையாகவே எழுதியிருக்கிறார்.

அதற்குப் பிறகு அந்தச் சொல் பட்ட பாட்டைப் பாருங்கள். ஷேக்ஸ்பியர் (1564–1616) நாடகங்களின் பழைய அச்சுப் புத்தகங்களைப் பார்த்தால் ஒரு இடத்தில் ஒரு மாதிரியும், இன்னொரு இடத்தில் வேறு மாதிரியுமாக அது எழுதப்பட்டிருக்கும். வாயில் தேயத் தேய, எழுதுகிறவர்கள் தங்கள் காதுக்குப் பட்டபடி எழுதினார்கள். ஏற்கனவே ஜனங்கள் “குட் டே”, “குட் ஈவினிங்”, “குட் நைட்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நல்ல பகல், நல்ல மாலை, நல்ல இரவு என்பவை அவை. இவ்வளவு “குட்”களுக்கு நடுவில் ஒரு “காட்” மட்டும் தனியாக நிற்க முடியுமா? அதுவும் “குட்” ஆகிவிட்டது. அதாவது “கடவுள்” இருந்த இடத்தில் “நல்ல” என்பது வந்து உட்கார்ந்துகொண்டது. இருந்த இருப்பும் போயிற்று, நீங்களும் போயிற்று; “பை” என்று ஒரு வால் மிஞ்சியது. பிறகு ஜனங்கள் “குட்” என்பதையும் விட்டுவிட்டு வெறும் “பை” என்றே சொல்லலானார்கள். அந்த வாலுக்குத் தனியாக அர்த்தமே கிடையாது. ஆனாலும் சொல்லுகிறவனுக்கும் புரிகிறது, கேட்கிறவனுக்கும் புரிகிறது.

தோழர்களே! இந்த வேலையை யார் செய்தார்கள்? ஒரு நாஸ்திகச் சங்கம் கூடித் தீர்மானம் போட்டதா? இல்லை. மாதா கோயிலுக்குத் தவறாமல் போய் வந்த ஜனங்கள்தான் செய்தார்கள். அக்காலத்தில் இங்கிலாந்தில் கடவுள் பெயரைக் காப்பாற்றச் சட்டமும் இருந்தது. 1606-ல் ஒரு சட்டம் செய்து, நாடக மேடையில் கடவுள் பெயரை விளையாட்டாகவோ அவமரியாதையாகவோ சொன்னால் 10 பவுன் அபராதம் என்றார்கள். அந்த அபராதத்தில் பாதி அரசருக்கு, பாதி வழக்குத் தொடுத்தவனுக்கு! இவ்வளவு காவல் இருந்தும், தெருவில் போகிற ஜனங்கள் ஒருவரை ஒருவர் விட்டுப் பிரிகிற அவசரத்தில் கடவுளை மென்று விழுங்கிவிட்டார்கள். யாருக்கும் அபராதம் விழவில்லை, யார் தலையிலும் இடியும் விழவில்லை.

இதை நம் ஊர் மந்திர சாஸ்திரத்தோடு ஒத்துப் பாருங்கள். மந்திரத்தில் ஒரு எழுத்து மாறினாலும், ஒரு ஸ்வரம் ஏறினாலும் இறங்கினாலும் அனர்த்தம் வந்துவிடும் என்று பார்ப்பனப் புரோகிதர்கள் சொல்லுகிறார்கள். அதற்கு வேதத்திலிருந்தே ஒரு கதையும் காட்டுகிறார்கள். துவஷ்டா என்பவன் இந்திரனைக் கொல்லப் பிள்ளை வேண்டி யாகம் செய்தானாம். “இந்திர சத்ரு” என்று சொல்லும்போது ஸ்வரம் தவறிவிட்டதாம். இந்திரனைக் கொல்லுகிறவன் பிறப்பதற்குப் பதிலாக, இந்திரனால் கொல்லப்படுகிறவன் பிறந்துவிட்டானாம். ஆகையால் மந்திரத்தை நீ சொல்லாதே, கூலி வாங்கிக்கொண்டு நாங்கள் சொல்லுகிறோம் என்பதுதான் கதையின் சாரம். சரி, அப்படியானால் “கடவுள் உங்களோடு இருக்கட்டும்” என்ற மந்திரத்தில் ஸ்வரம் தவறவில்லை, கடவுளே தவறிப் போய்விட்டாரே! நூறு வருஷமல்ல, நானூறு வருஷமாகக் கோடிக்கணக்கான ஜனங்கள் தப்பாகவே சொல்லிவருகிறார்களே! அவர்கள் கப்பலெல்லாம் மூழ்கிவிட்டதா? ரயிலெல்லாம் கவிழ்ந்துவிட்டதா? போனவர்கள் எல்லோரும் திரும்பாமல் போனார்களா? ஒன்றும் ஆகவில்லை. சொல்லில் ஒரு சக்தியும் இல்லை, சொல்லுகிற மனிதன் நினைக்கிற நினைப்புத்தான் சொல்லுக்கு அர்த்தம் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

ஆகவே பரிகாசம் செய்கிற ஆஸ்திகருக்கு நம் பதில் இதுதான். ஐயா, ஒரு சொல் எங்கே பிறந்தது என்பது வேறு, இன்று அதற்கு அர்த்தம் என்ன என்பது வேறு. இங்கிலீஷில் “தர்ஸ்டே” என்கிற வியாழக்கிழமை, தோர் என்ற இடி தேவதையின் நாள். அந்தத் தோருக்குக் கும்பிடு போட்டா எல்லோரும் அன்றைக்கு ஆபீசுக்குப் போகிறார்கள்? “ஹாலிடே” என்ற சொல் “புனித நாள்” என்பதிலிருந்து வந்தது. இன்று பள்ளிக்கூடம் மூடியிருந்தால் அது ஹாலிடே, அவ்வளவுதான். ருஷிய பாஷையில் நன்றி சொல்ல “ஸ்பசீபா” என்பார்கள். அது “கடவுள் காப்பாற்றட்டும்” என்பதிலிருந்து தேய்ந்து வந்தது. 1917 புரட்சிக்குப் பிறகு மதத்தை எதிர்த்து ஆட்சி நடத்திய கம்யூனிஸ்டுகளும், அந்த ஆட்சி 1991-ல் முடிகிறவரையில், நன்றி சொல்ல அதே சொல்லைத்தான் சொன்னார்கள். அதனால் அவர்கள் பக்தர்கள் ஆகிவிட்டார்களா? செத்துப்போன தேவதையின் எலும்பு ஒரு சொல்லுக்குள் கிடக்கிறது என்பதற்காக அந்தத் தேவதை உயிரோடு இருப்பதாக வாதாடுவது, மியூசியத்தில் ராஜாவின் கிரீடம் இருக்கிறது, ஆகையால் ராஜாவுக்கு வரி கட்டு என்று சொல்லுவது போன்றதேயாகும்.

கவலைப்படுகிற நம் வாலிபத் தோழர்களுக்கும் ஒன்று சொல்லுகிறோம். குட்பையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஆனால் சொற்களைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்றும் நாம் சொல்ல வரவில்லை. எந்தச் சொல்லை விட்டுவிடலாம், எதை விடவே கூடாது, எதை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு ஒரு உரைகல் வேண்டும். அதைத்தான் இன்று யோசிக்க வேண்டும்.

பிரிகிறபோது சொல்லுவதற்கு இங்கிலீஷ்காரனிடம் இன்னும் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று “ஃபேர்வெல்”. “ஃபேர்” என்றால் வழி நடத்தல், “வெல்” என்றால் நன்றாக. “நல்லபடியாகப் போ” என்பது அதன் அர்த்தம். இதில் கடவுளும் இல்லை, எஜமானும் இல்லை. போகிறவனும் வழியும்தான் இருக்கிறார்கள். மற்றொன்று “லீவ்” எடுத்துக்கொள்ளுவது. பள்ளிக்கூடத்திலும் ஆபீசிலும் நாம் கேட்கிறோமே, அந்த லீவ்தான். அதற்கு ஆதியில் அனுமதி, உத்தரவு என்று அர்த்தம். ராஜா முன்னாலும் பிரபு முன்னாலும் நிற்கிறவன் தன் இஷ்டத்துக்குப் போய்விட முடியாது. போகலாமா என்று கேட்டு உத்தரவு வாங்கித்தான் போகவேண்டும். நம் தமிழில் “விடை பெறுதல்” என்பதும் இதே சங்கதிதான். ஆகவே குட்பையில் கடவுள் நிற்கிறார், லீவில் எஜமான் நிற்கிறான், ஃபேர்வெல்லில் மனிதன் நிற்கிறான் என்று சொல்லலாம்.

இதைவிட விசித்திரமானது இத்தாலி தேசத்துச் சொல். அங்கே சிநேகிதர்கள் சந்தித்தாலும் பிரிந்தாலும் “சாவ்” என்பார்கள். அது வெனிஸ் நகரத்துப் பேச்சிலிருந்து வந்தது. அதன் பழைய அர்த்தம் “நான் உமது அடிமை” என்பது! ஆனால் இன்று அதை எஜமானனிடம் யாரும் சொல்லுவதில்லை. சரிசமானமான சிநேகிதர்கள்தான் சொல்லிக்கொள்ளுகிறார்கள். அடிமை என்ற சொல்லே சமத்துவச் சொல்லாக மாறிவிட்டது. எப்படி மாறிற்று? இவன் அவனுக்குச் சொன்னான், அவனும் இவனுக்கு அதையே திருப்பிச் சொன்னான். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் அடிமை என்றால் அங்கே அடிமை ஏது, ஆண்டான் ஏது?

தோழர்களே! இதுதான் உரைகல். சொல் எங்கே பிறந்தது என்று பார்க்காதீர்கள். யார் யாருக்குச் சொல்லுகிறார்கள், அவர்கள் அதையே திருப்பிச் சொல்லுகிறார்களா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே சொல்லாய் இருந்தால் அதில் மரியாதை இருக்கிறது. ஒரு பக்கம் மாத்திரம் சொல்லி, மறுபக்கம் வேறு ஒன்றைச் சொன்னால் அதில் அடிமைத்தனம் இருக்கிறது.

இதை நம் நாட்டுக்குப் பொருத்திப் பார்ப்போம். பார்ப்பனரைக் கண்டால் மற்றவர்கள் “நமஸ்காரம்” என்று கும்பிட்டார்கள். பார்ப்பனர் பதிலுக்கு நமஸ்காரம் என்றா சொன்னார்? “ஆசீர்வாதம்” என்றார், கையை உயர்த்தினார். இவன் குனிய, அவர் நிமிர, அதற்குப் பெயர் மரியாதை! நம் இயக்கத்தார் “நமஸ்காரம்” என்பதை விட்டு “வணக்கம்” என்று சொல்லச் சொன்னபோது, “வணக்கம் என்றாலும் வளைதல்தானே, இதில் என்ன பெரிய மாறுதல்?” என்று சிலர் கேட்டார்கள். வேரைப் பார்த்தால் அவர்கள் கேள்வி நியாயமானதே. ஆனால் வணக்கத்துக்குப் பதில் வணக்கம். மந்திரி சொன்னாலும் வணக்கம், மாடு மேய்க்கிறவர் சொன்னாலும் வணக்கம். ஆசீர்வாதம் என்று மேலே இருந்து கொட்டுகிற வேலை அதில் இல்லை. மாறுதல் அங்கேதான் இருக்கிறது.

அதே மாதிரி, சேரியிலிருந்து வந்த வயது முதிர்ந்த பெரியவர் பண்ணையார் வீட்டு வாசலுக்கு வெளியே நின்று, “உத்தரவு வாங்கிக்கொள்கிறேன் சாமி” என்று சொல்லிப் பின்னாலேயே நடந்து போகவேண்டும் என்று வைத்திருந்தார்கள். உள்ளே இருந்த பத்து வயதுப் பையன் அந்தப் பெரியவரை “வாடா, போடா” என்பான். அந்த “உத்தரவு” என்ற சொல்லில் கடவுள் இல்லை, மதம் இல்லை, புராணம் இல்லை. ஆனாலும் குட்பையில் ஒரு காலத்தில் இருந்த கடவுளைவிட ஆயிரம் மடங்கு கொடுமை அதில் இருந்தது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மகாநாடு, பெயருக்குப் பின்னால் ஜாதிப் பட்டம் போடுவதை விடவேண்டும் என்று தீர்மானித்ததும் இதே காரணத்துக்காகத்தான். அது வெறும் சொல் விளையாட்டல்ல. மேல் கீழ் என்பதன் விலாசத்தையே அழிக்கிற காரியம்.

இந்தப் போராட்டம் நமக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் (1624–1691) என்பவரைப் பின்பற்றிய குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவக் கூட்டத்தார் இருந்தார்கள். அவர்கள் கடவுள் பக்தர்கள்தான். ஆனாலும் பெரிய மனிதன் முன்னால் தொப்பியைக் கழற்ற மாட்டோம் என்றார்கள். பெரியவனுக்கு “நீங்கள்”, சிறியவனுக்கு “நீ” என்று அக்காலத்து இங்கிலீஷில் இருந்த பேதத்தை ஒப்புக்கொள்ளாமல், நீதிபதியானாலும் “நீ” என்றே பேசினார்கள். அதற்காக உதை பட்டார்கள், ஜெயிலுக்கும் போனார்கள். இன்று இங்கிலீஷில் நாய்க்குட்டி முதல் ராஜா வரைக்கும் ஒரே “யூ”தான். நம் பாஷையில் இன்னும் “நீ” வேறு, “நீங்கள்” வேறு. இருக்கட்டும், வயதுக்காக, பழக்கத்துக்காக இருந்தால் குற்றமில்லை. ஜாதிக்காக இருந்தால் அதை ஒரு நாள்கூடப் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

சொல்லுக்குள் இருக்கிற கடவுள் செத்தவராய் இருந்தால் கவலை வேண்டாம் என்றோம். ஆனால் உயிரோடு கொண்டுவந்து நம் வாயில் திணித்தால் என்ன செய்வது? அதற்கு வழி காட்டினவர் சார்லஸ் பிராட்லா. அவர் இங்கிலாந்தில் பச்சையாக நாஸ்திகம் பேசியவர். 1880-ல் நார்தாம்ப்டன் ஊரார் அவரைப் பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். கடவுள் பேரில் சத்தியம் செய்வதற்குப் பதிலாக உறுதிமொழி கூறுகிறேன் என்றார். கூடாது என்றார்கள். அப்படியானால் சம்பிரதாயத்துக்குச் சத்தியமே செய்கிறேன் என்றார். நாஸ்திகன் சத்தியம் செல்லாது என்றார்கள்! ஒரு இரவு பார்லிமெண்டு மணிக்கூண்டிலேயே அடைத்தும் வைத்தார்கள். ஊரார் விடவில்லை, திரும்பத் திரும்ப அவரையே தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். 1886-ல்தான் அவருக்கு இடம் கிடைத்தது. 1888-ல் அவர் முயற்சியாலேயே, கடவுள் பெயர் சொல்லாமல் உறுதி கூறலாம் என்ற சட்டம் வந்தது. நம் நாட்டில் 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்திலும், பதவி ஏற்கிறவர்கள் கடவுள் பேரில் ஆணையிடலாம் அல்லது உளமார உறுதி கூறலாம் என்று இரண்டு வழியும் இருக்கிறது. பழக்கத்தில் தேய்ந்த சொல்லுக்கும், நிர்ப்பந்தத்தில் சொல்லவைக்கிற சொல்லுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். முன்னதைச் சிரித்துக்கொண்டே சொல்லலாம். பின்னதை எதிர்த்தே தீரவேண்டும்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. “கடவுள் உங்களோடு இருக்கட்டும்” என்று அந்தக் காலத்து ஜனங்கள் ஏன் சொன்னார்கள்? பயத்தினால் சொன்னார்கள். வழியில் கள்ளர் பயம். லண்டனில் 1563-லும் 1603-லும் பிளேக் நோய் வந்து ஆயிரக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். காலையில் போனவன் மாலையில் வருவான் என்பது நிச்சயமில்லை. அந்தப் பயத்தைக் கடவுளா தீர்த்தார்? 1894-ல் யெர்சின் என்பவர் பிளேக் கிருமியைக் கண்டுபிடித்தார். எலியும் தெள்ளுப்பூச்சியும் அதைப் பரப்புகின்றன என்று பிறகு தெரிந்தது. ரோட்டும் விளக்கும் போலீசும் மருந்தும் வந்தன. வழிப்போக்கனோடு கூட வந்தவை அவைதான்.

நம்மவர்களுக்கும் பிரிகிறபோது பயம் இருந்தது. “போகிறேன்” என்று சொன்னால் திரும்பி வரமாட்டான் என்று பயந்து “போய் வருகிறேன்” என்று சொல்லச் சொன்னார்கள். “எங்கே போகிறாய்?” என்று கேட்டால் காரியம் கெட்டுவிடும் என்றார்கள். “போய் வருகிறேன்” என்பது நல்ல சொல். திரும்பி வா என்கிற அன்பு அதில் இருக்கிறது. அந்த அன்பை வைத்துக்கொள்ளுங்கள், பயத்தை விட்டுவிடுங்கள். பயம் சொல்லோடு நின்றிருந்தால் நமக்குக்கூட அவ்வளவு கவலை இல்லை. அது ராகு காலம் என்றும், சூலை என்றும், தும்மல் என்றும், பூனை என்றும் வளர்ந்து, கடைசியில் ஒரு மனிதப் பிறவியின் தலையில் போய் விழுந்தது.

புருஷனை இழந்த பெண் எதிரே வந்தால் போகிற காரியம் உருப்படாது என்றார்கள். பத்து மாதம் சுமந்து பெற்று, தன் வாய்க்கு இல்லாமல் பிள்ளைக்கு ஊட்டி வளர்த்த தாய், அந்தப் பிள்ளை உத்தியோகத்துக்குப் புறப்படுகிற நேரத்தில் கதவுக்குப் பின்னால் மறைந்து நிற்கவேண்டும். ஊரில் யார் யாரோ வாசலில் நின்று “போய் வா” என்று சொல்லலாம். பெற்றவள் மாத்திரம் சொல்லக்கூடாது. அவள் மனதில் இருக்கிற நல்லெண்ணத்தைவிட வேறு எந்த நல்லெண்ணம் அந்தப் பிள்ளைக்கு உலகத்தில் உண்டு? இதைச் சகுனம் என்று சொல்லுவதா, அக்கிரமம் என்று சொல்லுவதா? இங்கிலீஷ்காரன் கடவுளை விட்டுவிட்டு நல்லெண்ணத்தை மாத்திரம் வைத்துக்கொண்டான். நாமோ சகுனத்தை வைத்துக்கொண்டு நல்லெண்ணத்தைக் கதவுக்குப் பின்னால் தள்ளினோம்.

ஆகவே தோழர்களே! குட்பை சொல்லலாமா, போய் வருகிறேன் சொல்லலாமா என்பது பெரிய கேள்வி அல்ல. எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள். நீங்கள் சொல்லுகிற அதே சொல்லை எதிரில் இருப்பவரும் உங்களுக்குச் சொல்லும்படி நடந்துகொள்ளுங்கள். அவர் சொல்லுகிற அதே சொல்லை நீங்களும் அவருக்குச் சொல்லுங்கள். ஜாதிக்காக யாரிடமும் உத்தரவு கேட்காதீர்கள், யாரையும் உத்தரவு கேட்க வைக்காதீர்கள். உங்கள் வீட்டில் புருஷனை இழந்த தாயோ, அக்காளோ, தங்கையோ இருந்தால், நாளைக் காலையில் நீங்கள் வெளியே புறப்படும்போது அவர்களை வாசலுக்கு அழைத்து வந்து, முதலில் அவர்களிடம் சொல்லிக்கொண்டு புறப்படுங்கள். உங்களோடு கூட வருவதற்கு அவர்களுடைய அன்பைவிடப் பெரிய துணை வேறு ஒன்றும் தேவையில்லை என்று சொல்லி இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.